கல்லூரி மைதானமும் பையனோட கேள்வியும்

கிரிக்கெட்னா சென்னைன்னு நினைச்சு வளர்ந்த தலைமுறை நாம. நான் பி.காம் படிச்ச காலத்துல எங்க நத்தத்துல கண்மாய் வத்தினா அதுதான் ஸ்டேடியம். ரஞ்சி மேட்ச் பார்க்கணும்னா சேப்பாக்கம் போகணும், 400 கிலோமீட்டருக்கு மேல.

இப்ப அதே நத்தத்துல என்.பி.ஆர். கல்லூரி வளாகத்துக்குள்ளயே மைதானம். ரஞ்சி மேட்ச் நடந்திருக்கு. 2016-ல டி.என்.பி.எல். ஆரம்பிச்ச முதல் வருஷமே சேப்பாக்கம், திருநெல்வேலியோட இங்கயும் ஆட்டம். அந்த வருஷம் திண்டுக்கல் டீம்ல பந்து போட்டவர்தான் சின்னப்பம்பட்டி நடராஜன். 2017 ஐ.பி.எல். ஏலத்துல 3 கோடிக்குப் போனார்.

பேங்க்காரன் புத்தி, கணக்கு போடாம இருக்குமா :) கல்லூரின்னா இடம் இருக்கு, ஹாஸ்டல் இருக்கு, மெஸ் இருக்கு. டி.வி. கேமரா போனப்புறமும் ஆடறதுக்குப் பசங்க இருக்காங்க. வருஷத்துல பத்து நாள் திறந்து மீதி நாள் பூட்டி வைக்கற ஸ்டேடியத்தை விட இது நல்ல முதலீடு.

இங்க அந்தமான்ல, லம்பா லைன்ல, ஏர்போர்ட் பக்கத்துல எங்க வீடு. மூணேகால் மணி மேட்ச்னா வேடிக்கையா இருக்கும். கடைசி ஓவர்கள் வர்றப்ப நம்ம ஜன்னலுக்கு வெளிய கும்மிருட்டு, டி.வி.யில நத்தத்துல இன்னும் வெயில். கடிகாரம் ஒண்ணுதான், சூரியன் மட்டும் இங்க கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னாடியே மறைஞ்சிடும்.

2025 ஜூலை 6, ஃபைனலே நத்தத்துல. திருப்பூர் 220 அடிச்சாங்க. அஸ்வின் தலைமையில நம்ம திண்டுக்கல் 102-க்கு ஆல் அவுட். நான் நொந்து போய் உட்கார்ந்திருக்கேன். பையன் சாவகாசமா கேட்டான்: "அப்பா, திண்டுக்கல் உங்க டீம். என் டீம் எது?"

அவன் இங்கயே பிறந்தவன். பதினாலு வயசு, லெக் ஸ்பின் போடறான். ரஞ்சியில அந்தமானுக்கு டீம் கிடையாது. தீவுப் பசங்களுக்குத் திறமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. நிக்கோபார் பையன் எசோ ஆல்பென் 2018-ல ஜூனியர் உலக சைக்கிள் போட்டியில வெள்ளி வாங்கினார். சைக்கிளுக்கு இருந்த வழி பந்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

நத்தத்துல ஆத்தா வீட்டுல தங்கிப் படிக்கட்டும்கறது என் யோசனை. அந்த மைதானம் அங்கிருந்து பஸ்ல கொஞ்ச தூரம்தான். "பதினாலு வயசுப் பிள்ளையை கடல் தாண்டி அனுப்பிட்டு நான் இங்க என்ன பண்றது?"ன்னு தங்கமணி கேட்கறாங்க. அதுவும் நியாயம்தான்.

அடுத்த வாரம் பையனுக்கு அரையாண்டுப் பரீட்சை. அது முடிஞ்சதும் மூணு பேரும் நத்தம் போறோம். முதல்ல அந்தப் புல்லை அவன் ஒரு தடவை மிதிச்சுப் பார்க்கட்டும். யாரோட டீம்னு அப்புறம் அவனே சொல்லட்டும்.