கைப்பலகையும் நான்கு திருகாணிகளும்



சென்ற முறை உயிர்வாழ்சான்று கொடுக்கப் போய் வரிசையில் நின்ற கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "அதெல்லாம் சரி ஐயா, மற்ற நாளெல்லாம் வீட்டில் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஒரு பலகையைக் கழற்றி மாட்டுகிறேன் என்றேன். சிரித்தார். சிரிக்கக்கூடிய விஷயம்தான். ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள்.

பலகை என்றால் உட்காரும் பலகை இல்லை. உள்ளங்கையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பலகை. ஒன்றேகால் அடி நீளம், எட்டு அங்குல அகலம், முனை வளைந்திருக்கும். ஆங்கிலத்தில் ஹேண்ட்போர்டு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் கைப்பலகை. அலையில் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு சறுக்கி வருகிறவர்கள் முன்னால் நீட்டிய கையில் இதை மாட்டிக்கொள்வார்கள். வெறும் கை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அமிழும். பலகை நீரின் மேல் வழுக்கி ஓடும். மார்பு கொஞ்சம் எழும்பும், தண்ணீரின் இழுப்பு குறையும், இன்னும் நாலு கஜம் தூரம் அலையோடு வரலாம். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம்.

சில வருஷங்களுக்கு முன் பிரான்சிலிருந்து வந்த என் தம்பி மகன் கொண்டுவந்தது. ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் எடை கூடிவிட்டது. "பெரியப்பா, நீங்களே வச்சிக்குங்க" என்று கொடுத்துவிட்டுப் போனான். எழுபத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு? என் பேத்திக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது.

எங்கள் காலத்தில் பலகை ஏது? அறுபதுகளில் பள்ளிக்கூடம் விட்டதும் கடற்கரைச் சாலைக்கு ஓடுவோம். அன்றைக்கு அங்கே மணல் இருந்தது. குப்பத்துப் பையன்கள் உடைந்த மரத்துண்டை மார்பில் அணைத்துக்கொண்டு அலையில் வருவார்கள். எங்களுக்கு வெறும் வயிறுதான். பிறகு எண்பதுகளின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகம் கட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய சுவர்கள், தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணலைத் தடுத்துவிட்டன. வடக்கே இருந்த நம் கரை மணலின்றித் தேய்ந்தது. கருங்கல் கொட்டினார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கல்லின் மேல் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. 2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் இரும்பாலான திட்டு ஒன்றை இறக்கிய பிறகு கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. ஆனால் அலையில் விளையாட விரும்புகிற பிள்ளைகள் இப்போது வடக்கே தந்திராயன்குப்பம் பக்கம், செரினிட்டி பீச் என்கிறார்களே, அங்கேதான் போகிறார்கள்.

சரி, கழற்றும் வேலைக்கு வருகிறேன்.

கைப்பலகையில் நான்கு உறுப்புகள்தான். மரப்பலகை, கையைப் பிடிக்கும் நியோப்ரீன் பட்டை, பட்டையை இறுக்க வெல்க்ரோ, பட்டையைப் பலகையோடு சேர்க்கும் நான்கு திருகாணிகள். மரத்தில் பித்தளைப் புதை வைத்து அதில் எஃகுத் திருகாணி இறங்குகிறது. கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் மாட்டிவிட்டால் போதும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். போதாது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும் அது காற்றுப் படுகிறவரைதான். பட்டைக்கு அடியில் உப்பு ஈரம் தங்கி, காற்றுப் புகாத இடத்தில் அதுவும் அரிக்கும். தவிர, இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புத் தண்ணீரில் ஒட்டி இருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். இங்கே கரைவது பித்தளை. திருகாணியை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் பச்சைக் களிம்பு தெரியும்.

ஆகவே பதினைந்து நாளுக்கு ஒரு முறை பழைய செய்தித்தாளை விரித்து எல்லாவற்றையும் கழற்றுவேன். திருகாணிகளை எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே வைப்பேன். முப்பத்து மூன்று வருஷம் கோப்பு பார்த்தவன் நான். டேக்கை அவிழ்த்தால் பக்க எண் மாறாமல் திருப்பிக் கட்டவேண்டும் என்ற பயம் விரலிலேயே இருக்கிறது. வெல்க்ரோவில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுப்பேன். மணல் இருந்தால் அது பிடிக்காது. துளைகளைத் துணித் திரியால் துடைத்து, மறையில் துளி வாசலின் தடவி மறுபடி முடுக்குவேன். ஓங்கி முடுக்கக் கூடாது. மரம் நசுங்கினால் அந்த வழியாகத்தான் தண்ணீர் நுழையும்.

மரம் பலோனியா. லேசானது, உப்புத் தண்ணீரைத் தாங்கும். ஆனாலும் மரத்தின் வெட்டுமுகமும் துளைகளும் தண்ணீர் குடிக்கிற வாய்கள். நன்றாகக் காய்ந்த நாளில் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 412 கிராம். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். காய்ந்த பிறகும் 430 காட்டினால் எங்கோ விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அப்படி ஒரு முறை ஆனது. ஒரு வாரம் முழுக்கக் காயவிட்டு, மர இழை போகும் திசையிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷை மெல்லிய பூச்சாக மூன்று முறை அடித்தேன். ஈரத்தின் மேல் வார்னிஷ் அடிப்பது திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது போல.

இதெல்லாம் ஒன்றும் புதிய ஞானம் இல்லை. வைத்திக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். கட்டுமரத்தில் போனவர். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாக மணலில் போட்டுவிடுவார். சின்ன வயதில் அவரிடம், நாளைக் காலையில் மறுபடி கட்டத்தானே போகிறீர்கள், அவிழ்ப்பானேன் என்று கேட்டேன். "தம்பி, ஈரத்தோட கட்டிக் கெடந்தா மரம் கனத்துப் போவும். காஞ்ச மரந்தான் மெதக்கும்" என்றார். 2004க்குப் பிறகு நம் பக்கத்தில் பெரும்பாலும் பைபர் படகுதான். உலகத்துக்கே கட்டுமரம் என்ற சொல்லைக் கொடுத்த கரையில் இப்போது அவிழ்க்கவும் ஒன்றும் இல்லை, கட்டவும் ஒன்றும் இல்லை.

பிரெஞ்சு வழியில் படித்த என்னைப் போன்றவர்களுக்கு இன்னொன்றும் தோன்றும். கழற்றுவதற்குப் பிரெஞ்சில் தெமோந்தே என்பார்கள். கடல் கொந்தளித்தாலும் அதே சொல்தான். 'மேர் தெமோந்த்தே' என்றால் நிலைகுலைந்த கடல், ஒரு விதத்தில் கழற்றிப்போட்ட கடல். பரீட்சைக்காக நெட்டுருப் போட்டபோது இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் அந்தச் சொல்லின் முழுப் பொருளும் விளங்கியது.

அந்தக் கருங்கல் சுவர் அன்றைக்கு நகரத்துத் தெருக்களைக் காப்பாற்றியது. குப்பங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. என் மகளோடு படித்த ஒருத்தியின் வீடு குப்பத்தில் இருந்தது. அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசமாட்டாள். அவள் மகள்தான் கைப்பலகையை எடுத்துக்கொண்டு அலைக்குள் போகவேண்டும் என்று நின்றாள். "அப்பா, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்று என்னிடம் ஒரே வரியில் முடித்துவிட்டாள் மகள். அவள் பயம் நியாயமானது. பேத்தியின் ஆசையும் நியாயமானது. இரண்டுக்கும் நடுவில் கிழவன் என்ன செய்வது?

ஒரு வழி சொன்னேன். பேத்தி பலகையைத் தன் கையாலேயே முழுக்கக் கழற்றி, பார்த்து, மாட்டவேண்டும். நான் தொடமாட்டேன். பார்த்ததை நோட்டில் எழுதவேண்டும். நீச்சல் ஆசிரியர் உடன் இருக்கும் நாளில் மட்டும் கடல். ஐப்பசி, கார்த்திகையில் கிடையவே கிடையாது. பட்டையை ஒரே இழுப்பில் கழற்றிக் கையை விடுவிக்கக் கரையிலேயே பழகவேண்டும். அலை உடையும் இடத்தில் தலை முதலில் மணலில் போகக் கூடாது. என் மகள் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் அலை நன்றாக இருக்கும் என்று தோழிகளெல்லாம் புறப்படத் தயாராக இருந்தார்கள். பேத்தி திண்ணையில் செய்தித்தாளை விரித்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். பட்டை பலகையின் ஓரத்தில் மடிகிற இடத்தில் தையல் இரண்டு நூல் விட்டிருந்தது. என் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. விரலால் இழுத்துப் பார்த்தாள். "தாத்தா, நாளைக்கு வேணாம். அலையில இது பிச்சிக்கிட்டா பலகை பக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சில போய் அடிக்கும்" என்றாள். முகம் வாடித்தான் இருந்தது. ஆனால் போகவில்லை.

உள்ளே சமையலறையில் என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை அவளே பட்டையை எடுத்துப்போய், செருப்புத் தைப்பவரிடம் நைலான் நூலில் இரட்டைத் தையல் போட்டு வாங்கி வந்தாள். அடுத்த ஞாயிறு கடற்கரைக்கும் வந்தாள். மணலில் உட்கார்ந்து, மகள் கரைக்குத் திரும்பும்வரை கையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பயம் போகவில்லை. போகவும் வேண்டாம். பயத்தோடு வந்து உட்கார்ந்தாளே, அது போதும்.

எனக்கு இப்போது விரல் மூட்டுகள் சொன்னபடி கேட்பதில்லை. சின்னத் திருகாணி கைநழுவித் திண்ணைக்கு அடியில் ஓடிவிடுகிறது. திருப்புளியைப் பேத்தியிடமே கொடுத்துவிட்டேன். நோட்டில் எடை, தேதி, கண்ட குறை எல்லாம் அவள் கையெழுத்தில்தான் இருக்கின்றன. பழைய பிரெஞ்சு அலுவலகங்களில் மேலதிகாரி கோப்பின் ஓரத்தில் 'வ்யு' என்று எழுதிக் கையெழுத்திடுவார். பார்த்தேன் என்று பொருள். இப்போது என் வேலை அந்த ஒரு சொல் மட்டும்தான்.

உங்கள் வீட்டிலும் கழற்றி மாட்டி வைத்துக் காப்பாற்றுகிற சாமான் ஏதாவது இருக்கும். தையல் மிஷினோ, சைக்கிளோ, ஆர்மோனியமோ. அடுத்த முறை கழற்றும்போது பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். திருகாணிகளை அவர்களே வரிசையாக அடுக்கட்டும்.