கோடியக்கரைக்கு ஒரு வழித்திட்டம்

நுழையும்முன்

எங்கே செல்வது, எப்போது செல்வது, எதைக் காண்பது என்பனவற்றை முன்னரே வகுத்துக்கொள்வதைப் பயணத்திட்டம் என்பர். மனிதரினும் பிற உயிர்கள் மிகுந்து வாழும் கடற்கரைக்குச் செல்வோர், எதைச் செய்யாமல் இருப்பது என்பதையும் அத்திட்டத்தில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

காவிரிக் கழிமுகத்தில், ஒருபுறம் வங்கக்கடலும் ஏனைய புறங்களில் தமிழ்நாட்டு மாவட்டங்களும் சூழ அமைந்த சிறு நிலப்பகுதி காரைக்கால். 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்ட இப்பகுதி, இன்று புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப்பகுதியைச் சேர்ந்தது. இங்கிருந்து தெற்கே நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை செல்லும் சாலை ஏறத்தாழ 80 கி.மீ. நீளமுடையது. விரைந்து கடப்போர்க்கு ஒரு காலைப்பொழுது போதும். கண்டறிய விரும்புவோர்க்கோ பருவத்தைத் தேர்வதே முதற்பணி.

பருவம் அறிதல்

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபரில் வலசைப் பறவைகள் வரத் தொடங்குகின்றன. வடதுருவத்தை அடுத்த நிலங்களில் குஞ்சு பொரிக்கும் உள்ளான்கள், அங்கே பனி மூடுமுன் பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வேதாரண்யச் சதுப்புநிலத்தை அடைகின்றன. அவற்றுள் கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்குப் பல ஆண்டுகளாகப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு, அவற்றின் வழித்தடங்களை ஆராய்ந்து வந்துள்ளனர்.

ஆனால், பறவைகள் வரும் பருவமே புயல்கள் வரும் பருவமும் ஆகும். கோடை நெருங்கினாலோ அவை வடக்கே திரும்பிவிடும். ஆகவே, மழை ஓய்ந்தும் பறவைகள் அகலாமலும் இருக்கும் சனவரி, பிப்ரவரித் திங்கள்களே ஏற்றவை. பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறுவதும் அக்காலத்தில்தான்.

ஆறுகளைக் கடந்து

காரைக்கால் நகரை விட்டதும் அரசலாறு குறுக்கிடுகிறது. வாஞ்சூரில் ஒன்றிய ஆட்சிப்பகுதி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது, நிலமோ மாறுவதில்லை. திருமலைராயனாறு, வெட்டாறு, கடுவையாறு, வெள்ளையாறு எனக் கடலை நாடும் ஆறுகள் வழிநெடுகத் தொடர்கின்றன. பாலங்களின் அருகே சற்று நின்றால், கழிமுகச் சேற்றில் இரைதேடும் கொக்குகளையும் நாரைகளையும் காணலாம்.

தெற்கே செல்லச்செல்ல வயல்கள் குறைந்து உப்பளங்கள் விரிகின்றன. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து புறப்பட்ட தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று உப்பெடுத்துச் சட்டத்தை மீறியது இம்மண்ணில்தான். குடிநீர், உணவு, எரிபொருள் ஆகியவற்றை வேதாரண்யத்திலேயே நிறைத்துக்கொள்வது நலம். அதற்கு அப்பால் காடும் கழியும் கடலுமே மிகுதி.

நெய்தலில் ஒரு முல்லை

கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம் 1967ஆம் ஆண்டு வெளிமான்களைக் காக்கும் பொருட்டு அமைக்கப்பட்டது. மான் முல்லைக்குரிய விலங்கு என்பது தமிழ் மரபு. இங்கோ நெய்தலின் அலையோசை கேட்கும் புல்வெளியில், முறுக்கிய கொம்புகளோடு வெளிமான்கள் மேய்கின்றன. அருகே மட்டக்குதிரைகள் திரிகின்றன. ஆழமற்ற உப்புநீரில் பூநாரைகள் அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றன. இச்சதுப்புநிலம் 2002இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது.

கடல் கொண்டுவந்த செய்தி

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரைகடந்தது. வீடுகளும் தென்னந்தோப்புகளும் வீழ்ந்தன. காட்டு மரங்கள் முறிந்தன. அடுத்து வந்த நாள்களில், மான்கள் உள்ளிட்ட விலங்குகளின் உடல்கள் காரைக்கால் கடற்கரையில் ஒதுங்கின. கோடியக்கரையை அதுவரை காணாதவரும் அம்மான்களை அன்று கண்டனர், உயிரற்ற நிலையில். வரைபடத்தில் இருவேறு ஆட்சிக்குரிய கரைகள், கடலுக்கு ஒரே கரை என்பதை அக்காட்சி உணர்த்தியது.

பெரும்புயலில் தப்பிய உயிர்களுக்கு மனிதரால் ஊறு நேரலாகாது. பூநாரைக் கூட்டம் பறந்தெழும் அழகைப் படமெடுக்க விரும்பி அதனை நெருங்குபவர், நெடுந்தொலைவு பறந்துவந்த பறவைகளின் உணவையும் ஓய்வையும் பறிக்கிறார். ஆமை ஏறும் மணலில் வண்டியோட்டினால் முட்டைகள் நசுங்கும். விளக்கேற்றினால், கடலின் மெல்லொளியை நாடும் குஞ்சுகள் திசைமாறும். எனவே வனத்துறையின் அனுமதி பெறுதல், சாலையில் மெல்லச் செல்லுதல், தொலைநோக்கியால் காணுதல், கொண்டுசென்ற நெகிழிப்பையைத் திரும்பக் கொண்டுவருதல் என்பனவும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

அவ்வாறு சென்றவர் சில வேளைகளில் எதிர்பார்த்த எதையும் காணாமலே திரும்ப நேரலாம். புல்வெளியில் குளம்புச் சுவடுகளும் சேற்றில் பறவைகளின் காலடித் தடங்களுமே எஞ்சியிருக்கலாம். அவற்றைக் கலைக்காமல் வந்தவர், மாலையில் காரைக்கால் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கும்போது, அங்கே மான்கள் மேய்ந்துகொண்டிருக்கும் என்னும் நினைவே அவருக்கு நிறைவளிக்கும்.