இன்னொரு சுற்று

ஹெலிகாப்டர் பைலட்டுக்கு உயரம் என்றால் அவகாசம். ஆயிரம் அடியில் இன்ஜின் நின்றால், ரோட்டார் இதழ்களின் கோணத்தை மாற்றும் கலெக்டிவ் நெம்புகோலை உடனே இறக்கி, கீழிருந்து எழும் காற்றே ரோட்டாரைச் சுழற்றும்படி விட்டு, இறங்க ஓர் இடம் தேடலாம். விலங்குக் கணக்கெடுப்பில் அந்த அவகாசம் இல்லை. மலைச்சரிவில் நிற்கும் காட்டாடு கடாவா பெட்டையா என்று கொம்பைப் பார்த்துச் சொல்ல வேண்டுமானால், தாழ்வாகவும் மெதுவாகவும் பறந்தே ஆக வேண்டும். எந்த உயரத்தில் எந்த வேகத்தில் இன்ஜின் நின்றால் தப்புவது அரிது என்று ஹெலிகாப்டர் கையேட்டில் ஒரு வரைபடம் இருக்கும். பெரும்பாலும் அந்த வரைபடத்தின் ஆபத்துப் பகுதிக்குள் பறக்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அமெரிக்காவில் 1937 முதல் 2000 வரை பணியில் இறந்த வனவிலங்குப் பணியாளர்கள் 91 பேரைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வான் விபத்துகளில் போனவர்கள். 2020 ஆகஸ்டில் டெக்சாஸின் பிளாக் கேப் பகுதியில் பிக்ஹார்ன் காட்டாடுகளை எண்ணப் போன ஹெலிகாப்டர் விழுந்து, மாநில வனவிலங்குத் துறையினர் மூவர் இறந்தனர். பைலட் பிழைத்தார்.

இந்த வேலையில் நான் அதிகம் அஞ்சுவது இன்ஜினை அல்ல, திருப்பத்தை. "அதோ, பாறைக்குப் பின்னால் இன்னும் ரெண்டு!" என்று பின்னாலிருந்து குரல் வரும். திரும்புவோம். காற்று வால்பக்கம் வந்ததும் தரை வேகமாக ஓடுவதுபோலத் தோன்றும். கை தானாக வேகத்தைக் குறைக்கும். உண்மையில் குறைவது காற்றோட்டத்தில் நமக்கிருந்த வேகம். வெயிலில் மலைக்காற்று மெலிந்திருக்கும், நிறை பாரம், இன்ஜின் முழுச் சக்தியில் உழைக்கும். அந்த நேரத்தில் வால் ரோட்டாரின் பிடி தளர்ந்தால் மூக்கு தானாகச் சுழலத் தொடங்கும். மூக்கைத் தாழ்த்தி வேகம் பிடித்தால் மீளலாம். அதற்குத் தேவையான உயரம்தான் காலடியில் இருக்காது.

மின்கம்பி இன்னொரு எமன். கம்பியைத் தேடினால் தெரியாது. கம்பத்தைத் தேட வேண்டும். கடக்கும்போது கம்பத்துக்கு நேர் மேலாகக் கடக்க வேண்டும். கம்பி வெட்டும் கத்திகளைப் பொருத்திய ஹெலிகாப்டர்கள் உண்டு. ஆனால் கம்பி முன்புறம் வந்து சிக்கினால்தான் அவை உதவும்.

எனவே பறப்பதற்கு முன்பே பேசிவைப்பேன்: விட்டுப்போன ஆட்டுக்காக நின்ற இடத்தில் திரும்ப மாட்டேன். விலகிப் போய், வேகமெடுத்து, காற்றை எதிர்கொண்டு மறுபடி வருவேன், முடியாவிட்டால் விட்டுவிடுவேன். ரேடியோப் பட்டை கட்டிய ஆடுகளில் எத்தனை கண்ணில் பட்டன என்று பார்த்து, படாதவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறை உயிரியலாளர்களிடம் இருக்கிறது. ஓர் ஆடு விட்டுப்போனால் கணக்கு கெட்டுவிடாது.