மரச்சிமிழ்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் என்னும் ஊரின் பெயருக்கு மலாய் மொழியில் ஓர் அழகிய விளக்கம் உண்டு. அக்காலத்து மீனவர்கள் தென்னோலைகளையும் தழைகளையும் கடல்நீரின்மேல் பரப்பி நிழல் உண்டாக்குவராம். அந்நிழலை நாடி மீன்கள் வந்து கூடும். கூடியபின், அடியில் இட்டிருந்த வலையை மேலே தூக்குவர். 'மெனுவாஸ்' எனப்படும் அந்த மீன்பிடி முறையிலிருந்தே ஊர்ப்பெயர் பிறந்தது என்பர். தூண்டிலிலாவது இரை என்று ஒன்று இருக்கிறது. இங்கே இரைகூட இல்லை. குளிர்ச்சியான ஒரு நிழல், அவ்வளவே.

இன்று அவ்விடத்தில் தழை பரப்புவார் எவருமில்லை. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் தொழிற்சாலைகளும் கப்பல் பட்டறைகளும் நிற்கின்றன. 2022ஆம் ஆண்டில் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பெருந்துறைமுகம் வளர்ந்துகொண்டிருக்கிறது. 1998 ஜனவரி 2ஆம் நாள் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம், 1,920 மீட்டர் நீளத்தில், ஜொகூர்க் கரையையும் துவாஸையும் கட்டிப் பிடித்திருக்கிறது. ஜொகூரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியனாகிய நான், நூல் வாங்கவும் உறவினரைக் காணவும், தீபாவளிக்கு முன் சிராங்கூன் சாலையின் ஒளியலங்காரத்தைப் பார்க்கவும் அப்பாலத்தின் வழியே செல்வதுண்டு. எனக்கு அது எப்போதாவது செல்லும் வழி. என் மாணவர்களின் தந்தையர் பலருக்கோ நாள்தோறும் வயிற்றுப்பாட்டுக்குக் கடக்கும் வழி. விடியற்காலை 4.30 மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறி, துவாஸ் பட்டறைகளில் உழைத்து, பிள்ளைகள் உறங்கும் நேரத்துக்கு வீடு திரும்புகிறவர்கள் அவர்கள்.

அந்தப் பாலத்தின் இரு கரைகளிலும் ஒரே பொருளுக்கு இருவேறு சட்டம் வழங்குகிறது. மின்சிகரெட்டைத்தான் சொல்கிறேன். சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் அதை வாங்குவது மட்டுமன்றி, கையில் வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் குற்றமாயின. 2,000 வெள்ளி வரை அபராதம் என்று அப்போது விதித்தனர். பின்னர், எட்டோமிடேட் என்னும் மயக்கமருந்தைக் கலந்த குப்பிகள் இளைஞரிடையே பரவவே, 2025 செப்டம்பர் 1 முதல் அம்மருந்தைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து நடவடிக்கையைக் கடுமையாக்கினர். வேலை அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் மீண்டும் மீண்டும் பிடிபட்டால் அனுமதி பறிபோகும். நாடு கடத்தப்படவும் நேரும். இந்தியாவும் 2019இல் மின்சிகரெட்டை அடியோடு தடை செய்தது. ஜொகூர் மாநிலத்தில் 2016 தொடக்கத்திலிருந்து விற்பனைக்குத் தடை உண்டு. எனினும், பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பயன்படுத்துவதை அது தடுக்கவில்லை. மலேசிய நாடு முழுமைக்குமான சட்டம் 2024 அக்டோபர் 1 அன்று நடப்புக்கு வந்து, 18 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்கலாகாது என்றது. பள்ளி வளாகத்தில் புகைக்கவும் இடமில்லை என்றது.

சட்டத்தைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று. சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டல் பேச்சுப் பாடத்துக்கு ஒரு பொருளைக் கொண்டு வந்தாள். 'எனக்குப் பிடித்த பொருள்' என்பது தலைப்பு. பிற பிள்ளைகள் பொம்மையும் வண்ணப் பென்சிலும் கொண்டுவந்திருக்க, அவள் பையிலிருந்து உள்ளங்கையளவு மரப்பெட்டி ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். பிறகு தெளிவான தமிழில் பேசினாள்.

"இது என் அப்பாவின் மரப்பெட்டி. தொட்டால் வழவழவென்று இருக்கும். இதிலிருந்து மாம்பழ வாசம் வரும். அப்பா வேலைக்குப் போகும்போது இதை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்தவுடன் முதலில் இதைத்தான் எடுப்பார்."

வகுப்பாசிரியை அப்பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றி என் அறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளை பேசியதை ஒரு சொல் மாறாமல் சொல்லிவிட்டு, "உச்சரிப்பில் ஒரு பிழைகூட இல்லை ஐயா" என்று சேர்த்துக்கொண்டார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை; எனக்கும் தெரியவில்லை.

மாலையில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அதனை நன்றாகப் பார்த்தேன். ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் மரவேலை கற்றவன் நான். மரத்தின் வரியோடு செல்லாமல் குறுக்கே உப்புத்தாளைத் தேய்த்தால் கீறல் விழும் என்று பயிற்சியாளர் கையைப் பிடித்துக் காட்டியதை இன்னும் மறக்கவில்லை. அந்தக் கண்ணோடு பார்க்கையில், அதைச் செய்தவர் கைதேர்ந்த தச்சர் என்பதில் எனக்கு ஐயமில்லை. மரத்தில் நோயாலோ காயத்தாலோ புடைத்தெழும் முடிச்சில் நார்கள் நேராக ஓடாமல் சுழன்று சுழன்று மேகம்போலப் படிந்திருக்கும். அத்தகைய முடிச்சை அறுத்து உலர்த்தி, காற்றை உறிஞ்சியெடுத்த கலத்தில் பிசினில் ஊறவைத்து, சூட்டில் இறுக வைப்பர். பிசினில் நிறம் கலந்தால் மரத்தின் நுண்துளைகளில் நீலமும் பச்சையும் ஊடுருவி நிற்கும். பின்னர் உள்ளே குடைந்து, மின்கலத்துக்கும் கம்பிகளுக்கும் இடம் செய்து, மூடியைக் காந்தத்தால் பொருத்தி, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவர். மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளில் இத்தொழிலில் இறங்கிய இளைஞர் பலர். ஒன்றைப்போல் இன்னொன்று இராது என்பதே இதன் விலை.

உள்ளே இருப்பது என்ன? 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட லித்தியம் மின்கலம். அதன் மின்சாரம் மேலே உள்ள கம்பிச்சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் பஞ்சு. பஞ்சில் கிளிசரினும் புரோப்பிலின் கிளைக்காலும் நறுமணமும் நிக்கோட்டினும் கலந்த நீர்மம். சூட்டில் அது நுண்துளிகளாய் மாறி வாய்க்குள் போகிறது. 'ஆவி' என்று சொல்லுகிறோமே தவிர, நாம் பாடத்தில் கற்பிக்கும் நீராவிக்கும் அதற்கும் உறவு குறைவு.

இதில் என் மனத்தை உறுத்தியது ஒன்று. ஐரோப்பியர் பிரையர் என்னும் செடியின் வேர்முடிச்சில் புகைக்குழாய் கடைவர். அங்கே நெருப்பு மரத்துக்குள்ளேயே எரிகிறது. கருகாமல் தாங்கும் மரம் என்பதால் அதைத் தேர்ந்தனர். இந்தப் பெட்டியிலோ மரத்துக்கு வேலையே இல்லை. தகரத்தாலும் பிளாஸ்டிக்காலும் இதே காரியம் நடக்கும். மரம் வேலை செய்வது கருவியின்மீது அன்று. அதை ஏந்தும் கையின்மீது.

நம் முன்னோர் இதை அறியாதவர் அல்லர். போர்ச்சுகீசியர் கொணர்ந்த பயிருக்குப் 'புகையிலை' என்று எவ்வளவு இயல்பாகப் பெயரிட்டுக்கொண்டோம்! நம் 'சுருட்டு' ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழ் 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைவரை எட்டியது. என் பாட்டனார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருக்குச் சொத்து என்று இருந்தவை மிகச் சில. அவற்றுள் ஒன்று பலாமரத்தில் கடைந்த சுண்ணாம்புச் சிமிழ். அவர் மறைந்தபின் வெற்றிலைப் பையை எரித்துவிட்டோம். சிமிழை மட்டும் என் தாயார் எரிக்கவிடவில்லை. புகையிலை போட்டுப் போட்டு வாயில் புண் வைத்து இறந்தவர் அவர் என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரிந்தும், அந்தச் சிமிழைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தார். சிராங்கூன் சாலையில் வெற்றிலை அடுக்கி விற்கும் கடைகளைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த அலமாரி நினைவுக்கு வரும். மெல்லும் புகையிலை வகைகளையும் மூக்குப்பொடியையும் சிங்கப்பூர் 2016 ஆகஸ்டு 1 முதல் தடை செய்துவிட்டது. வெற்றிலை மட்டும் தன் பசுமையோடு தப்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் தந்தை என் வீட்டுக்கு வந்தார். அவரும் என் மாணவரே. துவாஸில் கப்பல் பட்டறை ஒன்றில் பற்றவைப்பு வேலை.

"பிள்ளை எடுத்துப் போனது எனக்குத் தெரியாது ஐயா. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"பிள்ளையைத் திட்டினாயா தம்பி?"

"இல்லை ஐயா. அவள் என்ன பேசினாள் என்று ஆசிரியை சொன்னார். அதற்குப்பிறகு எப்படித் திட்டுவது?"

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் பக்கத்தைச் சொன்னார். அதையும் எழுதாவிட்டால் நான் நடுநிலை தவறியவனாவேன். நாள் ஒன்றுக்கு இரண்டு பெட்டி சிகரெட் பிடித்தவர் அவர். மகள் பிறந்த ஆண்டில் அதை விட்டார். விடத் துணைநின்றது மின்சிகரெட். இந்தக் கருவியை 2003இல் உருவாக்கிய சீன மருந்தாளர் ஹோன் லிக்கும், புகைப்பழக்கத்திலிருந்து விடுபடும் வழியாகவே இதை எண்ணினார். அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். பிரிட்டனில் 2023இல், சிகரெட்டைக் கைவிடும் பெரியவர்க்கு அரசே மின்சிகரெட் வழங்கும் திட்டத்தை அறிவித்தனர். ஆகவே இவர் சொல்வதைப் பொய்யென்று தள்ள முடியாது. சிகரெட்டைவிட இதில் நச்சுப்பொருள்கள் குறைவு என்பதும் உண்மை. நிக்கோட்டின் மனிதனை அடிமையாக்கும், வளரும் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும் என்பதும் உண்மை. தமிழாசிரியர்களாகிய நாம் வகுப்பில் இரண்டாவதை மட்டும் உரக்கச் சொல்லி, முதலாவதை விழுங்கிவிடுகிறோம். பிள்ளைகள் அதை வேறிடத்தில் கேட்டு, நம்மை நம்பாமற்போகிறார்கள்.

"முதலில் பிளாஸ்டிக்கில்தான் வைத்திருந்தேன் ஐயா. மூன்று மாதத்தில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் கோலாலம்பூர் நண்பர் இதைச் செய்து கொடுத்தார். வேலையிலிருந்து வந்ததும் துடைப்பேன், மெழுகு பூசுவேன், பஞ்சு மாற்றுவேன், சுருள் கட்டுவேன். வெயிலில் வைக்கக்கூடாது, ஈரம் படக்கூடாது. அதற்கே ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரம்தான் ஐயா எனக்கு நாளில் கிடைப்பது."

நான் எதிர்பாராத சொல் அது. பாலத்துக்கு அப்பால் ஏறத்தாழ 16 மணி நேரம் நிக்கோட்டின் இன்றியே இருக்கிறார். சோதனைச்சாவடிக்கு அஞ்சி அதை வீட்டில் விட்டுச் செல்கிறார். வேலை நேரத்தில் தேடுவதுகூட இல்லையாம். நிக்கோட்டினை 16 மணி நேரம் மறந்திருக்கக்கூடிய ஒருவரை ஒவ்வோர் இரவும் திரும்ப அழைத்தது அந்த மரமே என்று எனக்குப் பட்டது. வேண்டாம் என்றால் குப்பையில் எறிந்துவிடக்கூடிய ஒரு பொருளாக அது இருந்திருந்தால், அவர் சொன்ன மூன்று மாதத்தில் காரியம் முடிந்திருக்கும். பயன்படுத்தி எறியும் மின்சிகரெட்டுகளைப் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. குப்பை பெருகுகிறது என்பது ஒரு காரணம். நெடுநாள் உழைக்கும் மரக்கருவி மண்ணுக்கு நல்லது என்று வாதிடுவார் உண்டு. மண்ணுக்கு நல்லதாகவே இருக்கட்டும். பழக்கமும் அதனோடு நெடுநாள் உழைக்கிறதே!

இதையெல்லாம் அவரிடம் நான் விரித்துரைக்கவில்லை. "உன் மகள் கடைசியாகச் சொன்னது உனக்குத் தெரியுமல்லவா?" என்று மட்டும் கேட்டேன். தலையசைத்தார். கண்கள் கலங்கியிருந்தன.

போகும்போது பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. பிளாஸ்டிக் என்றால் போட்டுவிடுவேன். இதை எறியக் கை வரவில்லை" என்றார். மின்கலங்களை மட்டும் கழற்றி ஓட்டின்மேல் நாடா ஒட்டினார். சாவியோ நாணயமோ பட்டால் தீப்பற்றும் என்று எனக்கு விளக்கினார். மறுவாரம் அரசுச் சுகாதார நிலையத்தில் புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் சேவைக்குப் பெயர் பதிந்ததாகச் செய்தி அனுப்பினார். இடையில் இருமுறை நண்பரிடம் இரவல் வாங்கி இழுத்ததையும் அவரே சொன்னார். மறைக்காமல் சொன்னாரே என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

பெட்டி என் வீட்டு அலமாரியில், பாட்டனாரின் சுண்ணாம்புச் சிமிழுக்கு இரண்டு தட்டு கீழே, மின்கலமும் பஞ்சும் இன்றி இருக்கிறது. அவர் எப்போதாவது வருவார். எடுத்துத் தரச் சொல்லி, கட்டைவிரலால் அந்த வரிகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். சென்ற மாதம் வந்தபோது ஒளியில் சாய்த்துப் பார்த்து, "மரம் வறண்டு போயிற்று ஐயா, கொஞ்சம் மெழுகு தடவி வையுங்கள்" என்றார். நான் தடவவில்லை.