கயிறு படுத்தால் பாரம் ஏறும்

பாலிடெக்னிக்கில் படித்தபோது மெக்கானிக்ஸ் பாடத்தில் லாமியின் தேற்றம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு புள்ளியில் மூன்று விசைகள் சமநிலையில் நின்றால், ஒவ்வொரு விசையும் மற்ற இரண்டுக்கும் நடுவே உள்ள கோணத்தின் சைன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னார் லாமி என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயரால் வழங்கும் தேற்றம். பரீட்சையில் அந்தக் கணக்குக்கு முழு மார்க் வாங்கினேன். அதோடு அதை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

1980-களில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டிரெயினியாகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். காலையில் பொன்னேரியில் மின்சார ரயில் ஏறினால், கவரைப்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன். எங்கள் ஷெட்டில் பாரம் தூக்கும் வேலைக்கு ஒரு மேஸ்திரி இருந்தார். கையெழுத்துக்கூடத் தடுமாறித்தான் போடுவார்.

ஒருநாள் அவர் லீவு. 2 டன் எடையுள்ள இரும்பு ஃபிரேம் ஒன்றை லாரியில் ஏற்ற வேண்டும். ஷெட் கூரை தாழ்வு. கிரேன் கொக்கி அதிக உயரம் போகாது. அதனால் குட்டையான இரண்டு ஸ்லிங்குகளை மாட்டினோம். இரண்டும் கொக்கியிலிருந்து அகலமாக விரிந்து, படுத்தாற்போல் நின்றன.

"போதுமா சார்?" என்று கேட்டான் ஹெல்பர் பையன்.

ஒரு ஸ்லிங் ஒன்றரை டன் தாங்கும். இரண்டு சேர்ந்தால் மூன்று டன். "போதும், தூக்கு" என்றேன்.

ஃபிரேம் ஒரு அடிதான் எழும்பியிருக்கும். ஒரு ஸ்லிங் பட்டென்று அறுந்தது. பழைய ஸ்லிங், அங்கங்கே இழை விட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. ஃபிரேமின் மூலை அந்தப் பையன் காலில் இறங்கியது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஒரு தாளில் கொக்கியைப் புள்ளியாக வைத்து வரைந்தேன். கயிறுகள் கிடைமட்டத்திலிருந்து சுமார் 30 டிகிரி. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே 120. கொக்கிக்கும் ஒவ்வொரு கயிற்றுக்கும் நடுவேயும் 120. மூன்று கோணமும் சமம் என்றால் மூன்று விசையும் சமம். ஆளுக்குப் பாதி என்று நான் நினைத்த கயிறுகள், ஒவ்வொன்றும் முழு 2 டன்னைச் சுமந்திருக்கின்றன! செங்குத்தாக இருந்திருந்தால் 1 டன். 60 டிகிரியில் ஏறக்குறைய 1.15; 45-ல் 1.4. சாயச் சாய, கயிற்றின் பலம் பாரத்தைத் தூக்குவதில் போகாமல், ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதிலேயே போய்விடுகிறது.

மறுநாள் மேஸ்திரி வந்தார். அறுந்த ஸ்லிங்கை எடுத்துப் பார்த்தார். "கயிறு படுக்கப் படுக்கப் பாரம் ஏறும் தம்பி. இதைக் காலேஜுல சொல்லித் தரலையா?" என்றார்.

சொல்லித் தந்தார்கள். நான்தான் அதைத் தாளோடு விட்டுவிட்டேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு ரிட்டையர் ஆகும்வரை, புதிதாக வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே ஒரு வேலை கொடுப்பேன். கயிற்றின் நடுவில் தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கயிற்றை நேராக்க வேண்டும். எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. கை சிவந்த பிறகுதான் தாளும் பென்சிலும் தருவேன்.

அந்த ஹெல்பர் பிறகு ஸ்டோரில் வேலை பார்த்தார். எங்கே கண்டாலும் "நல்லா இருக்கீங்களா சார்?" என்பார். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. என் கண்தான் முதலில் அவர் காலுக்குப் போகும்.