பயாஸுக்குத் தெரியும், எக்ஸ்பிக்குத் தெரியாது

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் ‘ஓஎஸ் போடப்படும்’ என்று பலகை வைக்காத சர்வீஸ் கடை அபூர்வம். வாடிக்கையாளர்களும் அதை ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள்: “ஃபார்மட் பண்ணிக் கொடுங்க.” அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்று பார்க்கத்தான் மாடியில் இருந்த ஒரு கடைக்குப் போயிருந்தேன்.

ஒரு நீள மேஜை. ஒரு முனையில் போர்டு வேலை: ஹாட் ஏர் கன், சால்டரிங் அயர்ன், லென்ஸ் விளக்கு. மறுமுனையில் சாஃப்ட்வேர் வேலை. அங்கே இருந்தவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் முன்னால் விண்டோஸ் விஸ்டா ஸ்டிக்கர் ஒட்டிய 2007ஆம் ஆண்டு லேப்டாப். கொண்டுவந்தவர் திருவல்லிக்கேணியில் அச்சகம் நடத்துபவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் போய்விட்டது. கல்யாணப் பத்திரிகை, பில் புக் எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் இருக்கின்றன. அவற்றோடு வந்த விசைப்பலகை மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஒழுங்காக ஓடுகிறதாம். ஒரிஜினல் எக்ஸ்பி சிடியையும் கையோடு எடுத்து வந்திருந்தார்.

சிடி ஓடியது. நீலத் திரையில் கோப்புகள் ஏறின. பிறகு, கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது.

“டிஸ்க் போயிடுச்சா தம்பி?”

“நல்லாத்தான் இருக்கு அண்ணே. பாருங்க, பயாஸ்ல பேரோட காட்டுது. எக்ஸ்பிக்குத்தான் அதைத் தெரியல.”

இந்த இடத்தில் டிஸ்க்கை மாற்றிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு என்றார். கணினி தொடங்கியதும் முதலில் ஓடும் பயாஸ் தன் சொந்த வழியில் டிஸ்க்கைப் படிக்கிறது. எக்ஸ்பியின் செட்டப் ஏறியதும் பயாஸை விலக்கிவிட்டுத் தன்னிடம் உள்ள டிரைவர், அதாவது வன்பொருளை இயக்கும் மென்பொருள், வழியாகப் பேசப் பார்க்கிறது. எக்ஸ்பி 2001இல் வந்தது. சாட்டா டிஸ்க்குகளை இயக்கும் ஏஹெச்சிஐ முறையை இன்டெல் வெளியிட்டது 2004இல். 2008இல் வந்த மூன்றாவது சர்வீஸ் பேக்கிலும் அதற்கான டிரைவர் சேரவில்லை. 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவில்தான் அது உள்ளேயே வந்தது. எது எதற்குப் பின் பிறந்தது என்ற கணக்குதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

வழிகள் மூன்று. பயாஸில் ஏஹெச்சிஐயைப் பழைய முறையான ஐடிஇ என்று மாற்றினால் டிஸ்க்கை இயக்கும் புது கன்ட்ரோலர் பழையதுபோல் நடந்துகொள்ளும், எக்ஸ்பி ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்த லேப்டாப்பின் பயாஸில் அந்த வரியே இல்லை. இரண்டாவது, செட்டப் தொடங்கும்போது எஃப்6 அழுத்தி டிரைவரைத் தனியாகக் கொடுப்பது. எக்ஸ்பி அதை ஃபிளாப்பியிலிருந்து மட்டும்தான் கேட்கும். ஃபிளாப்பி டிரைவ் இல்லாத லேப்டாப்பிடம் ஃபிளாப்பி கேட்கிறது, சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு மாதிரி. மிஞ்சியது மூன்றாவது வழி: சிடியின் நகலுக்குள்ளேயே டிரைவரைச் சேர்த்துப் புது சிடி எழுதுவது. அதற்கு என்லைட் என்ற மென்பொருள் இருக்கிறது.

கைத்திறன் தெரிந்தது இங்கேதான். டிரைவரைச் சேர்க்கும்போது ஒரு பட்டியல் விரிகிறது: ஐசிஎச்7, ஐசிஎச்8, ஐசிஎச்9 என்று இன்டெல் சிப்கள், ஒவ்வொன்றிலும் பல வகை. அவர் ஊகிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த விஸ்டாவில் கன்ட்ரோலரின் வன்பொருள் எண்ணைப் பார்த்துத் தாளில் குறித்து வைத்திருந்தார். 8086 என்று தொடங்கினால் இன்டெல். அடுத்த எண் எந்தச் சிப் என்று சொல்லும். பட்டியலில் ‘எம்’ என்று முடிவதைத் தேர்ந்தார். அது லேப்டாப்புக்கானது. டெஸ்க்டாப் வகையைத் தொட்டிருந்தால் 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வந்திருக்கும். இன்னொரு சிடி வீண்.

சிடி எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்து இருக்கையில் ஒரு பெண் புத்தம்புது லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கேயும் டிஸ்க் பட்டியல் காலி! இன்டெல்லின் பதினொன்றாம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் டிஸ்க் இருக்கிறது. அதற்கும் டிரைவரைக் கையில் கொடுக்க வேண்டும். ஃபிளாப்பிக்குப் பதில் பென்டிரைவ், அவ்வளவுதான். “இது பழைய மெஷின் பிரச்சினைனு நினைக்கிறாங்க சார். டிஸ்க்கைத் தொடுற வழி மாறும்போதெல்லாம் வரும்” என்றார்.

பெரிய நிறுவனங்கள் பழைய மாடல்களின் டிரைவர்களைத் தங்கள் தளங்களிலிருந்து எடுத்துவிடுகின்றன. அதனால் இந்தக் கடையின் முதல் சொத்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க். அதில் சிப் எண் வாரியாக ஃபோல்டர்கள். கருவிகளை எப்போது வேண்டுமானாலும் கீழே தெருவில் வாங்கிக்கொள்ளலாம். இதை வாங்க முடியாது.

புது சிடியில் டிஸ்க் தெரிந்தது. எக்ஸ்பி ஏறியது. ஒலி, திரை டிரைவர்களைப் போட்டவர் வைஃபையை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2017இல் வான்னாக்ரை என்ற நச்சு மென்பொருள் பரவியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் தர வேண்டியிருந்தது. “இதுல நெட் வேணாம் அண்ணே. ஃபைலை பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க, அதையும் ஸ்கேன் பண்ணிட்டு.”

அச்சகக்காரர் அந்த சிடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், இனி எந்த லேப்டாப்புக்கும் உதவும் என்ற நினைப்பில். சிடி மேல் மாடலையும் சிப் எண்ணையும் மார்க்கரால் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்காரர் சொன்னார்: “இது இந்த மாடலுக்கு மட்டும்தான் அண்ணே. செகண்ட் ஹேண்ட்ல இதே மாடல் கிடைச்சா இன்னொண்ணு வாங்கிப் போட்டுடுங்க.”