ஏத்துப் படிக்க ஆள் வேணும்

எங்கட ஊர்க் கல்யாணங்களில் இப்போது பாட்டுக்குக் குறையில்லை. ஒரு பென்ட்ரைவும் ரெண்டு ஸ்பீக்கர் பொட்டியும் போதும். சேர்ந்து பாடுறதுதான் தோப்பூரில் இல்லாமல் போய்க்கொண்டிருக்கு.

பழைய ஆக்கள் சொல்கிற கல்யாணம் வேறு. மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருவார் (கிழக்கில் மாப்பிள்ளைதானே போய்க் குடியிருப்பது). அவருக்கு முன்னால் பொல்லடி. ஆண்கள் சோடி சோடியாக வட்டத்தில் நிற்பார்கள். அண்ணாவியார் ஒரு அடியைப் படிப்பார். மற்றவர்கள் அதை ஏற்றுப் படித்தபடியே சோடிக்காரரின் பொல்லில் அடித்துச் சுற்றுவார்கள். மெதுவாகத் தொடங்கி வேகம் கூடும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்களின் குரவை. குரவையில் சொல்லே கிடையாது, நாக்கும் மூச்சும்தான். அதையும் ஒராள் தனியாகப் போட்டால் எடுபடாது.

வயலிலும் அப்படித்தான். மாடுகளை வளைத்துச் சூடு மிதிக்கிற இரவுகளில் பொலிப்பாட்டு. களத்தில் வழமையான சொற்களைப் பேசக்கூடாது, அதற்கென்றே தனிச்சொற்கள் உண்டு. கிழக்கின் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொதுவான வழக்கம். மாடு போய் ட்ரக்டர் வந்தது, பிறகு வெட்டு மெசின். அந்தச் சத்தத்துக்கு மேலால் யார் பாடுறது? இதற்கு நாங்கள் யாரையும் குற்றம் சொல்ல மாட்டோம். வேலை போனால் அதற்கான பாட்டும் போகும்.

மௌலூது வேறு கதை. றபீஉனில் அவ்வல் மாதத்தில் பள்ளியில் வட்டமாக இருந்து, ஒரு பக்கம் ஓத மறுபக்கம் ஜவாபு சொல்லி, சாம்பிராணி மணத்தோடு முடிய நார்சா. இது மார்க்கத்தில் உண்டா இல்லையா என்று ஊருக்கு ஊர் வாக்குவாதம். தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஆனால் அந்த வாக்குவாதத்தோடு சேர்த்து, பாவம், குரவையும் தாலாட்டும்கூட வெட்கப்பட வேண்டிய சாமானாகிவிட்டன. அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பசிபிக் தீவான தஹித்தியைப் பாருங்கள். 1797இல் லண்டன் மிஷனரிகள் அங்கே போய்ப் பிறகு கிறிஸ்தவப் பாடல்களைக் கற்றுக்கொடுத்தார்கள். தீவுக்காரர் அவற்றைத் தங்கள் தொண்டைக்கு ஏற்றபடி மாற்றி, பல குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும் 'ஹிமெனே' ஆக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு ஜூலையும் ஹேய்வா விழாவில் பெரிய பெரிய குழுக்களாக இருந்து பாடுகிறார்கள். மேடைக்குப் போனாலும் கூட்டமாகத்தான் போகிறார்கள். எங்கட கலை விழாக்களில் பொல்லடி ஐந்து நிமிடம், சீருடை, பாட்டு ஸ்பீக்கரில். பொடியன்மார் வாயே திறப்பதில்லை.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்திருக்காவிட்டால் வரிகளாவது மிஞ்சியிருக்குமோ தெரியாது. தாளில் வரி இருக்கும், ஜவாபு இருக்காது.

போன லீவில் எங்களில் ஒருத்தியின் மூத்தம்மாவிடம் போனோம். போனை றெக்கோர்டிங்கில் வைத்து, "படிங்க மூத்தம்மா" என்றோம்.

"நான் ஒராள் படிச்சி என்னத்துக்கு புள்ள? ஏத்துப் படிக்க ஆள் வேணுமே."

போனை ஓஃப் பண்ணிவிட்டுச் சுற்றி இருந்தோம். முதல் அடியை ரெண்டு தரம் படித்துத் தந்தார். எங்களில் பாதிப் பேருக்குக் குரல் எடுபடவில்லை. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த அடிக்குப் போனார்.